பூனைக்குப் புரட்டாசி இல்லை

காப்பகத்திலிருந்து பூனையைத் தத்தெடுத்தவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே நம்மைப் போன்ற கால்நடை டாக்டர்களின் வாசலில் வந்து நிற்பார்கள். பூனை தும்மும், கண்ணில் நீர் வடியும், பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். காதைச் சொறியும். வயிறு இளகும். வாலுக்கடியில் அரிசி போல ஏதோ நெளிகிறது என்று போட்டோ எடுத்து, நீங்கள் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து வாட்ஸப்பில் அனுப்புவார்கள். இதற்கெல்லாம் என்ன மருந்து, எவ்வளவு கொடுப்பது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த மருந்துகளின் பெயர் எனக்கு வாயிலேயே நுழைவதில்லை. அதனால் அந்தப் பக்கம் நான் போகப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. பூனை தன் கதையைத் தானே சொல்லாது. அதற்காகப் பேசுகிறவர்கள் சொல்வதை வைத்துத்தான் நாம் வைத்தியம் பார்க்கிறோம். அவர்கள் நல்லவர்கள்தான். அதிலும் நம் கோயமுத்தூர்க்காரர்கள் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசும்போது, அதில் ஒன்று பொய்யாக இருக்கக்கூடும் என்று தோன்றவே தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. ரவை என்றொரு பூனை வந்துதான் அதைக் கற்றுக்கொடுத்தது.

ரவையைத் தத்தெடுத்தவள் நிவேதா. சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போத்தனூருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு காப்பகத்துக்கு யாருக்கோ துணையாகப் போனவள், திரும்பி வரும்போது மடியில் ஒரு பூனையோடு வந்துவிட்டாள். வெளுத்த மஞ்சளில் பொடிப்பொடியாகப் புள்ளி. அதனால் ரவை. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஐப்பசியில் முகூர்த்தம். மாப்பிள்ளை கோகுலுக்குச் சொந்த ஊர் தாராபுரம், வேலை இங்கே. "நான் வந்தால் பூனையும் வரும்" என்று அவள் சொல்ல, அவனும் சரி என்றுவிட்டானாம்.

முதல் தடவை பூனைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தது நிவேதாவும் அவளுடைய அப்பா அம்மாவும். அப்பா பழனிசாமி, மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றித் தரும் பவுண்டரி வைத்திருந்தார். கூடையை மேசைமேல் வைத்ததும் அவர்தான் முதலில் பேசினார்.

"டாக்டரம்மா, இது டிபெக்ட் பீசுங்க. வாங்கி வந்ததுல இருந்து தும்மிட்டே இருக்குது. வாஷிங் மெஷினுக்குப் பொறத்தால போய் உக்காந்துட்டு அக்கட்டால இக்கட்டால நகர மாட்டேங்குது. நாங்க அனுப்பற காஸ்டிங்ல ஒரு ஓட்டை இருந்தாக்கூட திருப்பி எடுத்துக்கறமுங்க. இதையும் அவங்க எடுத்துக்கோணுமல்லங்க?"

"அப்பா, அது பம்பு இல்ல" என்றாள் நிவேதா.

"உள்ள பேரிங் தேஞ்ச மாதிரி ஒரு சத்தம் வேற வருதுங்க. கர்ருன்னு. நேத்து இவ மடியில வெச்சுருக்கும்போது நானே கேட்டனுங்க."

அது பூனை சந்தோஷமாக இருக்கும்போது எழுப்பும் சத்தம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. சந்தோஷமாக இருக்கிற எதுவும் அப்படிச் சத்தம் போட்டு அவர் பார்த்ததில்லை.

பூனைக்குச் சாதாரணச் சளிதான். காப்பகத்தில் நெருக்கமாக இருக்கும்போது தொற்றிக்கொள்வது. அந்தக் கிருமி உள்ளே தூங்கிக்கொண்டே இருக்கும். புது வீடு, புது வாசனை, மிக்ஸி சத்தம் என்று பூனை பயந்தவுடன் அது விழித்துக்கொள்ளும். அது பெரிய விஷயமில்லை. எனக்குக் கவலை வேறு. பூனை வந்த நாளிலிருந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாவிட்டால் அது சாப்பாடு என்றே அதற்குத் தெரியாது. நாய் பட்டினி கிடந்தால் நமக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. பூனை கிடந்தால் ஈரல் கெட்டுவிடும். ரவையின் காது மடலைத் திருப்பிப் பார்த்தேன். இன்னும் மஞ்சள் தட்டவில்லை. ஆனால் அதிக நேரமும் இல்லை.

கடையில் விற்கும் பூனைத் தீனி எல்லா ரகத்தையும் நிவேதா வைத்துப் பார்த்துவிட்டாள். இங்கேயே கண்ணையும் மூக்கையும் துடைத்து, மருந்து கொடுத்து, ஒரு டப்பாவைத் திறந்து வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மீன் குடுங்க. வேகவெச்சு, சூடா, வீடே நாறுற மாதிரி இருக்கோணும். அந்த வாசனைதான் இதுக்கு மருந்து" என்றேன்.

நிவேதாவின் அம்மா சாந்தாமணி அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "டாக்டருங்க, புரட்டாசி மாசமுங்க. எங்க ஊட்டுக்குள்ள முட்டைகூட வராதுங்க. அதுலயும் இந்த வருசம் புள்ளை கல்யாணத்துக்காக வேண்டிட்டு இருக்கறமுங்க. மாப்பிள்ளை ஊட்டுலயும் அப்படித்தானுங்க."

இந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள்? மருத்துவம்தான் முக்கியம், விரதமெல்லாம் பிறகு என்று சொல்லத் தோன்றும். சொன்னால் அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போய், இன்னொரு டாக்டரைப் பார்ப்பார். அதற்குள் பூனை போய்விடும். நான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன்:

"உங்களுக்குப் புரட்டாசி சரிங்க. பூனைக்குப் புரட்டாசி இல்லீங்களே. அது வேண்டிக்கவும் இல்ல."

சாந்தாமணி பூனையைப் பார்த்தார். அது நேரம் பார்த்து ஒரு தும்மல் போட்டது. "மொட்டைமாடி ரூமு சும்மாதான் இருக்குதுங்க" என்றார் கடைசியில். "அங்க வெச்சுக் குடுக்கட்டும். என்ர அடுப்புல வேகக்கூடாது. என்ர பாத்திரம் ஆகாது. கீழ கொண்டாரக்கூடாது."

"எங்க வேக வைக்கிறது?" என்று நிவேதா கேட்டாள்.

அப்போது பழனிசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நம்ம ஜமால் பாய்கிட்டச் சொல்றனுங்க. அவரு ஊட்டுல செஞ்சு குடுத்துருவாங்க. நான் பவுண்டரியில இருந்து மத்தியானம் சாப்பாட்டுக்கு வரும்போது, நானே மேல கொண்டுபோய் வெச்சுப்போடறேன். என்ன பண்றதுங்க, உயிராச்சே."

ஜமால் பாய் உக்கடத்துக்காரர். பவுண்டரிக்குப் பழைய இரும்பு கொண்டுவந்து போடுகிறவர். பழனிசாமி முகத்தில் அப்போது ஒரு தியாகக் களை இருந்தது. பூனையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன மனிதர் இவ்வளவு சீக்கிரம் மனம் மாறிவிட்டாரே என்று எனக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது. நீங்கள் நெகிழாதீர்கள். ஒருவர் திடீரென்று நல்லவராகும்போது ஏன் என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

மீன் வேலை செய்தது. மறுநாளே ரவை சாப்பிட ஆரம்பித்துவிட்டதாக நிவேதா செய்தி அனுப்பினாள். அடுத்த தடவை வந்தபோது தும்மல் இல்லை, கண் பளிச்சென்று இருந்தது. தராசில் ஏற்றினேன். முதல் நாள் இருந்த எடைக்கு ஏதோ பேருக்குத்தான் கூடியிருந்தது.

"நல்லா சாப்பிடுதுங்களா?"

"சாப்பிடுதுங்களாவா?" என்றார் சாந்தாமணி. "அரைக் கிலோ தின்னுதுங்க. வெறும் மத்தி வேண்டாங்குதாமா. வஞ்சிரந்தான் வேணுமாமா."

"பூனை அப்படியா சொல்லுது?"

"இவருதான் சொல்றாருங்க. மத்தி வெச்சா மோந்து பார்த்துட்டுப் போயிருதாமா."

பழனிசாமி சுவரில் தொங்கிய நாய் இனங்களின் படத்தை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறையத் தின்றும் எடை கூடவில்லை என்றால் முதலில் வயிற்றில் புழு இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தது. காப்பகத்துப் பூனைக்கு அது சகஜம். புழுவுக்கு மருந்து கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். சாந்தாமணிக்கு ஆச்சரியமே இல்லை. "ரவைன்னு பேரு வெச்சா புழு வராம என்னங்க பண்ணும்?" என்றார்.

சிரித்துவிட்டு அனுப்பினேன். ஆனால் புரட்டாசி முடியும் தறுவாயில் மூன்றாவது தடவை அவர்கள் வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது பூனை ஒரு நாளைக்கு முக்கால் கிலோ சாப்பிடுவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமையும் விடுவதில்லையாம். எடையோ அதே இடத்தில் நின்றது. போதாததற்குக் காதின் ஓரத்தில் காசளவுக்கு முடி கொட்டிப் பொருக்குத் தட்டியிருந்தது. அறையை இருட்டாக்கி விளக்கைப் பிடித்தேன். பச்சையாக மினுங்கியது. படர்தாமரை. பூனையிடமிருந்து மனுசருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

நிவேதா வளையலை மேலே ஏற்றினாள். மணிக்கட்டில் அழகாக ஒரு சிவப்பு வட்டம்.

சாந்தாமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கையில மருதாணி போடோணும். ஒறம்பரை சொந்தமெல்லாம் வந்து கையப் புடிச்சுப் பாப்பாங்க. இத்தனை நாளும் பொறுத்துட்டு இருந்தேன். இது ஆகாதுங்க. நாளைக்கே கொண்டுபோய் உட்டுப்போடலாம்."

"அம்மா, அது போகாது" என்றாள் நிவேதா. அழவில்லை. குரல் மட்டும் மெலிந்திருந்தது. "அங்க போனா மறுபடியும் சாப்பிடாதும்மா."

அவள் சொன்னது சரிதான். அதுதான் என் பயமும். சளியும் பட்டினியும் முதலிலிருந்து தொடங்கும், இந்தத் தடவை தோல் நோயோடு. இன்னொரு பக்கம், என் தலைக்குள் நோய்களின் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் கிலோ மீன் தின்று எடை கூடாத பூனைக்குக் குடலில் என்ன கோளாறு? ரத்தம் எடுக்க வேண்டுமா? ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டுமா? அதற்குள் இந்த அம்மா பூனையைத் திருப்பிவிடுவாரா? ஊசியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

ஊசி போடும் முன் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "வீட்டுல யார் யார் இந்தப் பூனையத் தொடறீங்க? தொட்டவங்க எல்லாரும் தோல் டாக்டரப் பாக்கோணும். ஒருத்தர் விட்டுப்போனாலும் திரும்பப் பூனைக்கே வரும்."

"நான் மட்டுந்தான்" என்றாள் நிவேதா. "வேலை முடிஞ்சு வந்து சாயங்காலம் தூக்குவேன்."

"நான் மாடிப்பக்கமே போறதில்லீங்க" என்றார் சாந்தாமணி.

"தட்ட வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருவனுங்க. தொட்டதே இல்லீங்க" என்றார் பழனிசாமி. சொல்லிக்கொண்டே சட்டைக்கு மேலாக வயிற்றைச் சொறிந்தார். சாந்தாமணியின் கண் அந்தக் கைமேல் போய்விட்டு வந்தது. அவர் மறுபடி சொறிந்தார்.

மாப்பிள்ளை கோகுல்தான் அன்றைக்குக் காரை ஓட்டி வந்திருந்தான். வெளியே நின்றவனை உள்ளே கூப்பிட்டேன். நல்ல உயரம், வணக்கமான பையன். "நான் பூனையவே இப்பத்தானுங்க நேர்ல பாக்கறேன். போட்டோவுல பார்த்ததுதானுங்க" என்றான். சட்டைக் காலர் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். கோயமுத்தூரில் அந்தப் பருவத்திலும் யாரும் அப்படிப் போடுவதில்லை. காலருக்கு மேலே வட்டத்தின் மேல் பாதி தெரிந்தது.

அந்த நேரம் ரவை மேசையிலிருந்து குதித்தது. தன்னைத் தத்தெடுத்தவளைத் தாண்டிப் போய், இதுவரை தன்னைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருந்த மாப்பிள்ளையின் காலில் தலையை முட்டித் தேய்த்தது. அவன் குனியவில்லை. நேராகச் சுவரைப் பார்த்தபடி விறைப்பாக நின்றான். பூனை அவன் விரலை நக்கியது. பிறகு பழனிசாமியிடம் போய், அவர் மடியில் ஏறி, வயிற்றின்மேல் இரண்டு முறை சுற்றி, படுத்துக்கொண்டது. கர்ரென்று சத்தம் எழுந்தது.

"பேரு தெரியாத ஆளுககிட்டக்கூட பாசமா இருக்குது பாருங்க" என்றார் பழனிசாமி.

நான் ஊசியைக் கீழே வைத்தேன். நிவேதாவையும் அவள் அம்மாவையும் பக்கத்து மருந்துக்கடையில் பூனைக்குத் தேய்த்துவிடும் மருந்தை வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். கதவு சாத்தப்பட்டதும் ஆண்கள் இருவரையும் பார்த்துக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கதவு மறுபடி திறந்தது.

வெள்ளைத் தொப்பியும் கையில் டிபன் கேரியருமாக ஒரு பெரியவர். "மொதலாளி, பூனைக்குச் சாப்பாடுங்க. இங்க இருக்கறதா பவுண்டரியில சொன்னாங்க. ஆறிப்போயிருமேன்னு கொண்டாந்துட்டேன்" என்றவர் என்னைப் பார்த்துச் சலாம் வைத்தார். "நீங்கதான் டாக்டரம்மாங்களா? ஒண்ணு கேக்கோணும்னு இருந்தனுங்க. என்ர ஊட்டுக்காரியும் கேட்டுட்டே இருக்கறா. பூனைக்கு இத்தனை காரம் ஆகுமுங்களா?"

பழனிசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கேரியரை வாங்கித் திறந்தேன். முதல் அடுக்கில் வஞ்சிரம் வறுவல், சிவக்கச் சிவக்க. இரண்டாவது அடுக்கில் மீன் குழம்பு. மூன்றாவதில் சோறு. மூடியில் எலுமிச்சைத் துண்டுகளும், வட்டம் வட்டமாக அரிந்த வெங்காயமும்.

வெங்காயத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நகைச்சுவையெல்லாம் மறந்துபோனது. "வெங்காயம் பூனைக்கு விஷமுங்க. ரத்தத்தையே கெடுத்துரும். எத்தனை நாளா குடுக்கறீங்க?"

"ஐயோ இல்லீங்க டாக்டரம்மா" என்று பதறினார் பழனிசாமி. "அதுக்கு வெங்காயம் காட்டறதே இல்லீங்க. வெங்காயம் மாப்பிள்ளைக்குத்தானுங்க—"

அங்கே நின்றுவிட்டார். கோகுல் மெதுவாகக் காலர் பொத்தானைக் கழற்றினான். இனி மூடி என்ன பயன் என்று நினைத்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். முதல் நாள் பழனிசாமி நிஜமாகவே தட்டை வைத்துவிட்டு வரத்தான் போயிருக்கிறார். ஜமால் பாய் வீட்டு அம்மா, அளவு தெரியாமல் நான்கு பேருக்கு ஆகிற மாதிரி சமைத்து அனுப்பிவிட்டார். பூனை துளிதான் தின்றது. மீதியை வீணாக்க மனம் வரவில்லை. மறுநாள் கல்யாண மண்டப விஷயமாகப் பேச வந்த மாப்பிள்ளை, மாமனாரைத் தேடிக்கொண்டு நேராக மாடிக்கு ஏறி வந்துவிட்டான். மாமனார் வாயில் மீன்துண்டு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். பிறகு பழனிசாமி இன்னொரு தட்டை எடுத்துவைத்தாராம். அன்றிலிருந்து மத்தியானங்களில் கீழே சாந்தாமணி தூங்கும் நேரம், மேலே மாமனாரும் மருமகனும் பூனையும். சாப்பிட்டு முடித்ததும் பழனிசாமி பாயில் கொஞ்சம் சாய்வார். பூனை வயிற்றின்மேல் ஏறிப் படுக்கும். எழுப்ப மனம் வராது.

"எங்கம்மா தாராபுரத்துல ஒரு வேளை சாப்பிட்டு வெரதம் இருக்கறாங்க மேடம்" என்றான் கோகுல். "இது தெரிஞ்சா நான் மொகத்துல முழிக்க முடியாதுங்க."

"சாந்தாமணிக்குத் தெரிஞ்சா நான் பவுண்டரியிலயேதான் குடியிருக்கோணும்" என்றார் பழனிசாமி.

ஜமால் பாய் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அப்ப பூனைக்குத்தான்னு நெனச்சு என்ர ஊட்டுக்காரி முள்ளெல்லாம் எடுத்து அனுப்பிட்டு இருந்தாளுங்களே மொதலாளி."

"அதுக்குத்தான் பாய் நாங்களும் நன்றியா இருந்தோம்" என்றார் பழனிசாமி.

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. ஒரு நல்ல செய்தி, பூனையின் குடலில் ஒன்றுமில்லை. தட்டில் வருவதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தால் எந்தப் பூனைக்கும் எடை ஏறாது. ரத்தப் பரிசோதனையும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். கெட்ட செய்தி, இந்த இருவரும் வைத்தியம் பார்த்துக்கொள்ளாவிட்டால் படர்தாமரை பூனைக்கும் பெண்ணுக்கும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். இவர்கள் ஏன் தோல் டாக்டரிடம் போகிறார்கள் என்று வீட்டில் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் கல்யாண வீட்டில் கலகம். பொய் சொல்ல எனக்கு வராது. வந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு தடவை பொய் சொன்ன டாக்டரின் மருந்தை யாரும் நம்பிக் கொடுக்க மாட்டார்கள்.

சாந்தாமணியும் நிவேதாவும் மருந்தோடு திரும்பி வந்தார்கள். ஜமால் பாயும் கேரியரும் அதற்குள் பின்வாசல் வழியாகப் போயாகிவிட்டது. நான் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன்: "இந்த நோய் தொட்டாத்தான் வரும்னு இல்லீங்க. முடி மூலமாவே வரும். காத்துல பறக்கும், பாயில ஒட்டும், கார் சீட்டுல இருக்கும். அதனால யாரு தொட்டாங்க, தொடலைன்னு நான் கேக்கப் போறதில்ல. வீட்டுக்கு வந்து போற எல்லாரும் இன்னைக்கே தோல் டாக்டரப் பார்த்துருங்க."

"மாப்பிள்ளையுமுங்களா?"

"கார் ஓட்டுனாருல்லீங்க" என்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. "அப்புறம் இன்னொண்ணு. இனிமே பூனைக்கு உப்பு, காரம், எண்ணெய் எதுவும் ஆகாது. வெறும் தண்ணியில வேகவெச்ச மீன், ஒரு கைப்பிடி. அது போதும்."

"முக்கால் கிலோ வேண்டாமுங்களா?"

"வேண்டாமுங்க."

சாந்தாமணி மற்றவர்களை வண்டிக்குப் போகச் சொன்னார். அவர் மட்டும் நின்றார். மேசை விளிம்பைத் துடைப்பது போல விரலால் தடவிக்கொண்டே கேட்டார்: "டாக்டருங்க, நான் ஒண்ணு கேக்கறேன். எங்க ஊட்டுக்காரர் அந்த மீனத் தின்னாருங்களா?"

வைத்தியத்தில் எத்தனையோ கஷ்டமான கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். பிழைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். வலிக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு வேர்த்தது.

"நான் பூனை டாக்டருங்க" என்றேன். "பூனை என்ன தின்னுச்சுன்னு கேட்டாத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி. பூனை தின்னுச்சுங்களா?"

"கொஞ்சமாத்தான் தின்னுச்சு."

"அதாங்க" என்றார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு கணக்குச் சரியாக வந்த நிம்மதி போல இருந்தது. "மூணு வாரமா ராத்திரிச் சோறு வேண்டாம் வேண்டாம்னு சொன்னாரு. கல்யாணக் கவலைல மனுசன் எளைச்சுப் போயிருவாரோன்னு நான் பயந்துட்டு இருந்தனுங்க." கதவுவரை போய்விட்டுத் திரும்பினார். "இது சொகமாகறதுக்கு எத்தன நாளாகுமுங்க?"

சில வாரமாகும், ஆனால் கட்டாயம் சரியாகிவிடும், நிவேதாவின் கை அதற்கு முன்பே ஆறிவிடும் என்று சொன்னேன். பூனையைத் திருப்பிக் கொடுப்பது அவர்கள் விருப்பம். ஆனால் ஒவ்வொரு தடவை இடம் மாறும்போதும் அது பயந்து, சளி பிடித்து, பட்டினி கிடக்கும் என்பதையும் சொன்னேன். வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் அந்தப் பூனை என் பூனையாகிவிடும். அவருடைய பூனையாக வேண்டுமென்றால் அவரேதான் முடிவு செய்ய வேண்டும்.

அவர் முடிவு செய்தார். மறுநாளிலிருந்து பூனைக்குத் தானே சோறு வைப்பதாக வீட்டில் அறிவித்துவிட்டார். மாடி அறைச் சாவி அவர் இடுப்புக்குப் போனது. பாயை எரித்து, அறையைக் கழுவி, மருந்தைத் தேய்த்து, பூனைக்குத் தண்ணி வார்த்து, எல்லாம் அவரே. கையுறை போட்டுக்கொண்டாராம், பூனை முகத்தைக்கூடப் பார்ப்பதில்லையாம். அடுத்த தடவை வந்தபோது ரவையின் எடை நன்றாக ஏறியிருந்தது. காதில் முடி பூனைமீசை போல முளைத்திருந்தது. சாந்தாமணியின் தாடைக்குக் கீழே, பூனை தலையை வைத்தால் சரியாகப் பொருந்துகிற இடத்தில், புத்தம்புதிதாக ஒரு சிவப்பு வட்டம் இருந்தது.

"தொட்டீங்களா?" என்று கேட்டேன்.

"தொடுவனுங்களா?" என்றார்.

தோல் டாக்டரின் விலாசத்தை மறுபடி சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நானும் போயிருந்தேன். நிவேதாவின் மணிக்கட்டில் மருதாணியைத் தவிர எதுவும் இல்லை. தாராபுரத்துச் சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, மகன் இந்த வருஷம் புரட்டாசி விரதம் சுத்தமாக இருந்ததைப் பெருமையாகச் சொன்னார். நான் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, வாயில் இருந்தது.

அது முடிந்து கொஞ்ச நாளில் சாந்தாமணி கூடையோடு தனியாக வந்தார். விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பூனை முழுக்க இருட்டு, ஒரு இடத்திலும் பச்சை இல்லை. சுத்தம். இனி நிவேதாவின் புது வீட்டுக்குத் தாராளமாக அனுப்பலாம் என்றேன்.

அவர் கூடையின் கைப்பிடியைவிட்டுக் கையை எடுக்கவில்லை. "ஏனுங்க டாக்டரு, எடம் மாத்துனா இதுக்கு ஒடம்புக்கு ஆகாதுன்னு நீங்கதான சொன்னீங்க? பயந்துக்கும், தும்மும், திங்காதுன்னு."

"சொன்னனுங்க."

"அத மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை போன்ல சொல்லிப்போடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது. புள்ளை கேட்டுட்டே இருக்கறா."

புது வீட்டில் முறையாகப் பழக்கினால் பூனை சரியாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நன்றாக இருக்கிற பூனையை நன்றாக இருக்கிற இடத்திலேயே விடுவதும் வைத்தியம்தான். போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். கோகுலிடம், பூனை இப்போதுதான் தேறியிருக்கிறது, உடனே இடம் மாற்றாமல் இருந்தால் நல்லது என்றேன்.

"நிவேதா வருத்தப்படுவாளுங்க மேடம். நானே பேசிக்கறேன். அப்ப நாங்க ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து பார்த்துக்கலாமுங்களா?"

"தாராளமா வாங்க."

"மத்தியானமா வாரோமுங்க" என்றான்.

சாந்தாமணி போனுக்கு அருகே குனிந்தார். ஆனால் பேசவில்லை. என்னைத்தான் பார்த்தார். கூடைக்குள் கையை விட்டுப் பூனையின் முதுகை நீவிக்கொண்டே, அவனுக்குக் கேட்கும் அளவுக்கு என்னிடம் சொன்னார்:

"வஞ்சிரம் வாங்கி வெக்கறேன்னு சொல்லுங்க. பூனைக்குத்தான்னு சொல்லுங்க."